சமணமலை அடிவாரத்தில் மாயாஜாலத் தொடரின் படப்பிடிப்பைப் பார்க்கச் செல்வோருக்கு

மதுரையை அடுத்த கீழக்குயில்குடியில், சமணமலையின் அடிவாரத்திலுள்ள தாமரைக்குளத்தையும் அய்யனார் கோயிலையும் ஒட்டி உங்கள் அபிமான மாயாஜாலத் தொடரின் படப்பிடிப்பு நடப்பதாக அறிந்தால், வெயில் ஏறுவதற்கு முன்பே சென்றுவிடுங்கள். உச்சிவெயிலில் முகங்களில் கடுமையான நிழல் விழும் என்பதால், முக்கியமான வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலோ மாலையிலோ எடுக்கவே பெரும்பாலும் விரும்புவார்கள்.

எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கேமராவுக்குப் பின்புறம், படக்குழுவினர் அனுமதிக்கும் தொலைவில் நில்லுங்கள். நடிகரின் பார்வை செல்லும் திசையில் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள். ஏனெனில் பின்னர் கணினியில் உருவாக்கப்படும் பூதத்தையோ பறக்கும் நாகத்தையோ அவர் அங்கே கற்பனையில்தான் காண்கிறார். கம்பின் நுனியில் செருகிய ஒரு பந்தைப் பார்த்தே அஞ்சி நடுங்க வேண்டியவரின் கண்ணில் நம் கையசைப்பு பட்டால், அந்த உணர்ச்சி கலைந்துவிடும். பின்னணியைக் கணினியில் மாற்றுவதற்காகக் கட்டிய வெறும் பச்சைத் துணியின் முன் ஒருவர் உயிரைக் கொடுத்து நடிப்பதை நேரில் காண்பது, என்னைப் பொறுத்தவரை, திரையில் தோன்றும் மாயத்தைவிடப் பெரிய அனுபவம்.

வசனம் நேரடியாகப் பதிவாகலாம் என்பதால் கைபேசியை ஒலியின்றி வையுங்கள். குடிநீரும் தொப்பியும் அவசியம். இடைவேளையில் மலையேறினால், தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள தீர்த்தங்கரர் (சமண சமய அருளாளர்) சிற்பங்களையும், பழைய தமிழ் எழுத்துமுறையான வட்டெழுத்தில் அமைந்த கல்வெட்டுகளையும் தொடாமல் பார்த்து வாருங்கள்.