முதல் சர்வ்லெட்: 404 வராமல் டாம்கேட்டில் ஓட்டுவது எப்படி?

ஜாவாவில் கிளாஸ், மெத்தட் எழுதத் தெரியும், பிரவுசரில் ஒரு வரி வரவைக்கத் தெரியாது என்பவர்களுக்கான குறிப்பு இது. பிரவுசரின் ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்தான் சர்வ்லெட். அதை ஓட்டும் சர்வர் டாம்கேட். 404 என்பது 'பக்கம் இல்லை' என்ற பிழை. ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அது டாம்கேட்டைத் தனக்குள்ளேயே பொதிந்து வைத்துக்கொள்வதால், பிரவுசர் அனுப்பும் ரிக்வெஸ்ட் எந்த வழியாக உங்கள் கோடுக்கு வருகிறது என்பதே கண்ணில் படாது.

தேவை மூன்று: ஜேடிகே 17, மேவன் 3.9 (ப்ராஜெக்டை பில்ட் செய்துதரும் கருவி), டாம்கேட் 10.1. டாம்கேட்டை இன்ஸ்டாலராக எடுக்காமல் ஜிப்பாக எடுத்துப் பிரியுங்கள். குழம்பிப்போனால் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி பிரித்துக்கொள்ளலாம்.

ஜாவா_ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் ஜேடிகே ஃபோல்டரைக் காட்ட வேண்டும், அதற்குள் இருக்கும் 'பின்' (bin) என்ற ஃபோல்டரை அல்ல. ஸ்டார்ட்அப் கட்டளை கொடுத்ததும் கருப்பு விண்டோ மின்னி மறைந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். 'கேடலினா ரன்' என்று கொடுத்தால் பிழைச்செய்தி அதே விண்டோவில் நிற்கும்.

மேவன் ப்ராஜெக்டின் பாம்.எக்ஸ்எம்எல் ஃபைலில் பேக்கேஜிங் 'வார்' (செயலி முழுவதையும் ஒரே ஃபைலாகப் பொதியும் வடிவம்) என்று இருக்கட்டும். ஃபைனல்நேம் 'ஆப்' என்று கொடுங்கள் (கோடிலும் முகவரியிலும் எல்லாப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). அதைக் கொடுக்காவிட்டால் வெர்ஷன் எண்ணும் சேர்ந்த நீளமான பெயரில் வார் ஃபைல் வரும். அந்தப் பெயரே முகவரியிலும் ஒட்டிக்கொள்ளும். வார் ப்ளகின் 3.4.0 என்று குறிப்பிட்டுவிடுங்கள். அதன் பழைய 2.2 வெர்ஷன், வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்பு ஃபைல் இல்லை என்று பில்டை நிறுத்திவிடும்.

பலரும் மாட்டிக்கொள்வது டிபென்டன்சியில், அதாவது ப்ராஜெக்டில் சேர்க்கும் வெளி லைப்ரரியில். டாம்கேட் 9 வரை சர்வ்லெட் கிளாஸ்கள் 'ஜாவாஎக்ஸ்' பேக்கேஜில் இருந்தன. டாம்கேட் 10 முதல் 'ஜகார்த்தா'வுக்கு மாறிவிட்டன. பழைய பாடத்தைப் பார்த்து ஜாவாஎக்ஸ் இம்போர்ட் போட்டாலும் கம்பைல் ஆகும், வார் உருவாகும், டாம்கேட்டும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிரவுசரில் மட்டும் 404. லாகிலும் ஒன்றும் இருக்காது. டாம்கேட் தேடுவது ஜகார்த்தா அனோட்டேஷனை. பழையது அதன் கண்ணுக்கு வெறும் கிளாஸ்தான். எனவே ஜகார்த்தா சர்வ்லெட் ஏபிஐ 6.0.0 சேருங்கள், ஸ்கோப் 'ப்ரொவைடட்'. அந்தக் கிளாஸ்கள் டாம்கேட்டிலேயே இருப்பதால் வாருக்குள் இன்னொரு பிரதி வேண்டியதில்லை.

இனி எச்டிடிபி சர்வ்லெட்டை எக்ஸ்டெண்ட் செய்து பிரவுசருக்குப் பதில் எழுதும் டூகெட் மெத்தடை ஓவர்ரைட் செய்யுங்கள். கிளாஸுக்கு மேலே வெப்சர்வ்லெட் அனோட்டேஷனில் '/ஹலோ'. முன்னால் அந்தச் சாய்கோடு விடுபட்டால் செயலியே ஏறாது. ஐடிஇ (கோடு எழுதப் பயன்படும் மென்பொருள்) தானாக எழுதித்தரும் 'சூப்பர்.டூகெட்' வரியை அழித்துவிடுங்கள். தாய் கிளாஸின் டூகெட் செய்யும் ஒரே வேலை 405 ('இந்த மெத்தடுக்கு அனுமதி இல்லை') பிழை அனுப்புவதுதான்.

'எம்விஎன் கிளீன் பேக்கேஜ்' கொடுத்து, டார்கெட் ஃபோல்டரில் வரும் வார் ஃபைலை டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். முகவரி: லோக்கல்ஹோஸ்ட்:8080/ஆப்/ஹலோ. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் 404தான். இந்த வேலையை முதல் சில தடவை டெர்மினலிலேயே செய்யுங்கள். ஐடிஇ பொத்தான் வார் எங்கே போகிறது என்பதை மறைத்துவிடும். அதன் பிறகு ஐடிஇக்கு மாறலாம், எனக்குப் பிடித்தது இன்டெல்லிஜே.

லாகில் 'கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 61' என்று புலம்பினால், ஜாவா 17-ல் கம்பைல் செய்துவிட்டு டாம்கேட்டைப் பழைய ஜாவாவில் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

பின்சேர்க்கை: தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வருகின்றனவா? டாம்கேட் 9-ல் இது சகஜம். கன்டென்ட் டைப்பில் 'சார்செட் யுடிஎஃப்-8' சேருங்கள், அதுவும் பதிலை எழுதத் தரும் கெட்ரைட்டரை அழைப்பதற்கு முன்பே. பிறகு சேர்த்தால் பலன் இல்லை. போஸ்ட் ஃபார்மில் வரும் தமிழ் சிதைந்தால், ரிக்வெஸ்டின் செட்கேரக்டர்என்கோடிங்கை முதல் கெட்பாராமீட்டருக்கு முந்தைய வரியில் வையுங்கள்.