வீட்டுக்குள் ஃபோல்டர் ஷேரிங்: ‘எவ்ரிஒன்’னை முதலில் எடுங்கள்

நான் வீட்டிலிருந்தே நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு ஃபைல்கள், குடும்பப் படங்கள் எல்லாம் ஹாலில் இருக்கும் என் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில்தான். வீட்டுக்காரருக்கும் பத்தாவது படிக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு லேப்டாப். மாமியாருக்கு டிவியில் பழைய படங்கள் ஓட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு வீடியோவைப் பார்த்து, பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்தி, ‘எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்’ என்று, அதாவது யார் வந்தாலும் எதையும் செய்யலாம் என்று, கொடுத்து வைத்திருந்தேன். எல்லாருக்கும் திறந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு நாள் மகன் எதையோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று காதுகுத்துப் படங்கள் இருந்த ஃபோல்டரை அவன் லேப்டாப்பிலிருந்தே அழித்துவிட்டான். என் ரீசைக்கிள் பின்னில் தேடினேன், அவனுடையதில் தேடினேன், இரண்டிலும் இல்லை. நெட்வொர்க் வழியாக அழித்தால் ஃபைல் நேராகப் போய்விடும், குப்பைத்தொட்டியில் தங்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த சில படங்கள்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வீட்டு வைஃபை ‘பிரைவேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘பப்ளிக்’ என்றிருந்தால் மற்றவர்களுக்கு உங்கள் கம்ப்யூட்டர் தெரியாது. அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ ஆனாகவே இருக்கட்டும். ஹோம்குரூப் (வீட்டுக்குள் ஷேர் செய்ய விண்டோஸில் முன்பிருந்த வசதி) பற்றிச் சொல்லும் பழைய குறிப்பு எதையாவது பார்த்தால் மூடிவிடுங்கள். விண்டோஸ் 10-இல் 2018-லேயே அதை எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது ஆட்கள். ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் வீட்டுக்காரர், மகன், டிவி என்று மூன்று லோக்கல் அக்கவுண்ட் (அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் யூசர்) போட்டேன். மூன்றும் ஸ்டாண்டர்டு அக்கவுண்ட், ஒன்றும் அட்மின் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்டு கட்டாயம். பாஸ்வேர்டு இல்லாத அக்கவுண்ட்டை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. பின் நம்பரும் இங்கே செல்லாது. “தினமும் போடுற நம்பரைத்தானே போடுறேன், ஏன் வரமாட்டேங்குது?” என்று வீட்டுக்காரர் அரை மணி நேரம் மல்லுக்கட்டியது இதனால்தான்.

அப்புறம் ஃபோல்டர். முழு டி டிரைவை ஷேர் செய்யாதீர்கள். அதில் ‘வீடு’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் படங்கள், பள்ளி, கணக்கு என மூன்று.

இனி வருவதுதான் பலருக்கும் குழம்பும் இடம். விண்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று ஷேரிங் பக்கம், தெருக்கதவு மாதிரி. இன்னொன்று செக்யூரிட்டி பக்கம், அறைக்கதவு மாதிரி. நெட்வொர்க் வழியாக வருகிறவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஒன்றில் ‘சேஞ்ச்’ (மாற்றலாம், அழிக்கலாம்) கொடுத்து மற்றதில் ‘ரீட்’ மட்டும் இருந்தால், அவரால் பார்க்கத்தான் முடியும்.

இரண்டு இடத்திலும் நுணுக்கம் பார்த்தால் தலை சுற்றும். அதனால் தெருக்கதவில் ஒரே விதி: ‘வீடு’ ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ் என்று போய் ‘எவ்ரிஒன்’னை எடுத்துவிட்டு, ‘ஆதன்டிகேட்டட் யூசர்ஸ்’ (பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்தவர்கள்) சேர்த்து ‘சேஞ்ச்’ கொடுங்கள். அக்கவுண்ட் உள்ளவர்கள் மட்டும் வருவார்கள்.

ஆளுக்கு ஆள் வித்தியாசமெல்லாம் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களின் செக்யூரிட்டி பக்கத்தில். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டி டிரைவில் சாதாரணமாகவே ‘ஆதன்டிகேட்டட் யூசர்ஸ்’ எல்லாருக்கும் ‘மாடிஃபை’ (மாற்றவும் அழிக்கவும் அனுமதி) இருக்கும், அது மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். மகனுக்கு ‘ரீட்’ மட்டும் என்று நீங்கள் சேர்த்தாலும் அந்தப் பழைய வரி அவனுக்கு அழிக்கும் உரிமையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நான் இரண்டு நாள் இதில் மாட்டிக்கொண்டேன். ‘கணக்கு’ ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டு போய், உங்கள் பெயரை ‘ஃபுல் கன்ட்ரோ’லுடன் முதலில் சேருங்கள். பிறகு, மேலிருந்து அனுமதி இறங்குவதை நிறுத்தும் ‘டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ அழுத்தி, ‘கன்வர்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ‘ஆதன்டிகேட்டட் யூசர்ஸ்’, ‘யூசர்ஸ்’ இரண்டையும் எடுத்துவிடலாம். சிஸ்டத்தையும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸையும் தொடாதீர்கள். படங்களுக்கும் பள்ளிக்கும் இதே வேலைதான். படங்களில் மூன்று அக்கவுண்ட்டுக்கும் ‘ரீட்’, பள்ளியில் மகனுக்கு ‘மாடிஃபை’.

‘டினை’ (அனுமதி மறுப்பு) என்று ஒரு கட்டம் இருக்கும். ஆசைப்பட்டு அதில் டிக் போடாதீர்கள். ஒருவருக்கு வேண்டாம் என்றால் அவர் பெயரைச் சேர்க்காமல் விட்டாலே போதும்.

அடுத்த லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடு (\\) போட்டு, என் கம்ப்யூட்டரின் பெயரை அடித்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இந்தக் கம்ப்யூட்டரில் போட்ட அக்கவுண்ட் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். தவறான ஆளாக உள்ளே போய்விட்டால், அந்த லேப்டாப்பில் பெயர், பாஸ்வேர்டைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை நீக்கி, லாக் அவுட் செய்து மறுபடி வாருங்கள். அதைச் செய்யாமல் எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பழைய ஆளாகவேதான் காட்டும்.

டிவிக்கு விஎல்சி ஆப் போதும். பழைய டிவி சிலது எஸ்எம்பி 1 (விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் பழைய முறை) கேட்கும். அதற்காக விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்ய வேண்டாம். 2017 மே மாதம் ‘வானாக்ரை’ என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அப்படிப்பட்ட டிவி என்றால் மாமியாருக்கு ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மகன் லேப்டாப்பில் அவன் அக்கவுண்ட்டிலேயே நுழைந்து, ‘படங்கள்’ உள்ளே ஒரு புது ஃபோல்டர் போட்டுப் பாருங்கள். முடியாது என்று வர வேண்டும். ‘கணக்கு’ திறக்கவே கூடாது. ‘பள்ளி’யில் மட்டும் ஒரு ஃபைலைப் போட்டு அழிக்க முடிய வேண்டும். எனக்கு மூன்றாவது முறைதான் மூன்றும் சரியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளி டிஸ்க் ஒன்றைச் சொருகி எல்லாவற்றையும் காப்பி எடுக்கிறேன், எடுத்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன்.