இண்டிகேட்டர் எரியாதபோது கை காட்டுவது: எங்கே தப்பு நடக்கிறது?

வழியில் கார் இண்டிகேட்டர் செயலிழந்தால் கை காட்டி ஓட்டலாமா? ஓட்டலாம். பகல் வெளிச்சத்தில், மெதுவாக, பழுது பார்க்கும் இடம் வரை. ஓட்டுநர் தேர்வுக்குப் படித்ததோடு பலர் கை சிக்னலை மறந்துவிடுவதால், அவசரத்துக்குக் கை நீட்டும்போது அது வேறு அர்த்தம் கொடுத்துவிடுகிறது. விபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சரியான முறையை முதலில் பார்த்துவிடுவோம். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும். சிக்னல் எல்லாமே வலக் கையால்தான். வலப்பக்கம் திரும்பக் கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டி, உள்ளங்கை முன்பக்கம் பார்க்க அசைக்காமல் பிடிக்க வேண்டும். இடப்பக்கம் திரும்ப, நீட்டிய கையைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் பெரிய வட்டமாகச் சுற்ற வேண்டும். வேகம் குறைக்கிறோம் என்று சொல்ல, உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழும் நிதானமாக அசைக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் கணக்கே வேறு: இடக் கை நேராக நீண்டால் இடப்பக்கம், முழங்கை மடங்கி மேல்நோக்கி நின்றால் வலப்பக்கம், கீழ்நோக்கித் தொங்கினால் வேகம் குறைப்பு. வெளிநாட்டில் வாடகைக் கார் எடுப்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்போது தப்புக்கு வருவோம். கண்ணாடியைப் பாதி இறக்கி, மணிக்கட்டு வரை வெளியே விட்டு விரலை ஆட்டுவது எதற்கும் உதவாது. பின்னால் வருபவருக்குக் காற்று வாங்குகிற கை போலத்தான் தெரியும். கண்ணாடி முழுக்க இறங்க வேண்டும். முழங்கையைத் தாண்டிக் கை வெளியே வர வேண்டும்.

இதைவிட மோசம், தளர்ந்த கை. இடப்பக்கம் ஓட்டும் சாலையில் வலப்பக்கம் திரும்ப நினைத்து, முழங்கையைக் கதவில் ஊன்றிக் கையை முன்னும் பின்னும் வீசினால், பின்னால் வருபவர் அதை ‘நீ முந்திப் போ’ என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த அசைவு முந்திச் செல்ல வழிவிடும் சிக்னலுக்கு அவ்வளவு நெருக்கம். அவர் உங்கள் வலப்பக்கமாக முந்த ஏறுவார், நீங்களும் அதே பக்கம் திரும்புவீர்கள். வலப்பக்கம் திரும்பும்போது கை ஆடவே கூடாது.

அடுத்தது நேரம். திரும்பும் கணத்தில் கை நீட்டுவதால் யாருக்கும் பயனில்லை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 3 வினாடிக்குள் சுமார் 33 மீட்டர் போய்விடுவோம், 60 கி.மீ. என்றால் 50 மீட்டர். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்து, பக்கவாட்டில் பைக் ஒட்டி வரவில்லை என்று உறுதி செய்து, பிரேக் மிதிக்கும் முன்பே கை நீட்டி 3 வினாடியாவது காட்டுங்கள். பிறகு கையை உள்ளே எடுத்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திரும்புங்கள். திருப்பம் முடியும் வரை கையை வெளியே வைத்திருப்பவர்கள் ஒற்றைக் கையால் வளைக்கிறார்கள். கியரையும் மாற்ற வேண்டி வந்தால் ஸ்டீயரிங்கில் கையே இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஓட்டுநர் இருக்கும் பக்கத்துக்குத்தான் கை தெரியும். மறுபக்கம் ஒட்டி வரும் சைக்கிள்காரருக்கு எதுவும் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரரைக் கை நீட்டச் சொல்வது கூடுதல் உதவியாக இருக்கலாம். அதை மட்டும் நம்பித் திரும்பாதீர்கள். சிக்கலான சந்திப்பைத் தவிர்த்துச் சுற்றிப் போவது மேல். இருட்டிலும் கனமழையிலும் கை கண்ணுக்கே தெரியாது. அப்போது வண்டியை ஓரம் கட்டுவதுதான் வழி.

இண்டிகேட்டருக்குப் பதிலாக ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் தப்பு. நான்கும் சேர்ந்து மின்னினால் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று எப்படித் தெரியும்? நின்றுகொண்டிருக்கும் வண்டி என்றுகூட நினைப்பார்கள்.

ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுப் பழுதைக் கண்டுபிடிக்க அதே ஹசார்டு நல்ல கருவி. போட்டுவிட்டு இறங்கி ஒரு சுற்று வாருங்கள். நான்கும் எரிந்து, இண்டிகேட்டர் மட்டும் இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் இண்டிகேட்டருக்கான பியூஸையோ ஸ்விட்சையோ பாருங்கள். ஹசார்டும் சேர்ந்து எரியவில்லை என்றால் பல வண்டிகளில் பிளாஷர் ரிலேயோ (விளக்கை விட்டுவிட்டு மின்ன வைக்கும் பாகம்) அதன் பியூஸோ காரணமாக இருக்கும். ஒரு மூலை மட்டும் இருண்டிருந்தால் பல்பு, ஹோல்டர், எர்த் (வண்டியின் உடலோடு சேரும் வயர் இணைப்பு) மூன்றில் ஒன்று. சரியான வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 மின்னல். ஒரு பக்கம் போடும்போது மட்டும் ‘டிக் டிக்’ சத்தம் திடீரென வேகமெடுத்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கும். சத்தம் வருகிறதே என்று விட்டுவிடுவது பலர் செய்யும் தப்பு.

பல வண்டிகளில் பல்பை உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். இழை அறுந்திருக்கிறதா, கண்ணாடி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். பல்பு நன்றாக இருந்து, ஹோல்டருக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தொடுமுனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே எரியக்கூடும். பல கார்களில் இருப்பது 12 வோல்ட், 21 வாட் பல்பு. ஒன்று சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். ஹசார்டில் நான்கு எரியும்போது 7 ஆம்பியர். அதனால் 10 ஆம்பியர் பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. 20 ஆம்பியர் பியூஸைச் செருகினால் உருகப்போவது வயர்தான்.

சாதாரண பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்ட பிறகு வேகமாக மின்னினால் அது பழுதல்ல. எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் பல்பு போய்விட்டதாக ரிலே எடுத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கு ஏற்ற ரிலே போட வேண்டும், அல்லது பழைய பல்புக்கே திரும்ப வேண்டும்.