தலைவர்களிடம் ஒன்றரை மணி நேரம் பேச்சு எடுப்பது எப்படி? பாம்பனிலிருந்து ஒரு செய்முறை

இதுவரை 9 நீண்ட பேட்டிகள் எடுத்திருக்கிறேன். முதல் மூன்றை என்னாலேயே இரண்டாம் முறை கேட்க முடியாது. மீனவர் சங்கத் தலைவர், முன்னாள் எம்.எல்.ஏ., ஓய்வுபெற்ற அதிகாரி என்று நம் பக்கத்து ஆட்களைத்தான் உட்கார வைத்துப் பேசுகிறேன். ஆனால் இந்தக் கரையில் அரசியல் பேச ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் பேச்சு டெல்லிக்கும் கொழும்புக்கும் போய்விடும். "எனக்கு வெளிநாட்டு விவகாரமெல்லாம் தெரியாதே" என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேனல் திறப்பது, போனில் ரெக்கார்ட் செய்வது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: நாள் பாருங்கள்

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். அன்றைக்குச் சங்கத் தலைவரைக் கூப்பிட்டால் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு), டீசல், ஐஸ் என்று நிற்பார். மறுநாள் காலையில் படகு கரை சேரும், ஏலம் நடக்கும். வெள்ளிக்கிழமைதான் தோது. அதைவிட நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆளுக்கும் பேச மனசு இருக்கும்.

இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்ட செய்தி வந்த அன்று மட்டும் போகாதீர்கள். போனால் கண்டன அறிக்கைதான் கிடைக்கும்.

படி 2: இடமும் மைக்கும்

கடலைப் பின்னால் வைத்து எடுக்க ஆசை வரும். எனக்கும் வந்தது. கச்சான் காற்று எழும்பிய நாளில் கரையில் உட்கார்ந்து எடுத்த முதல் பேட்டியில் தலைவர் குரலை விட என் சட்டைக் காலர் படபடத்த சத்தம்தான் அதிகம். படத்துக்கு வேண்டுமானால் இரண்டு நிமிடம் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை வீட்டுக்குள் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். வியர்க்கும்தான், துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மைக் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். வயர் உள்ள காலர் மைக் இரண்டு போதும். வயர்லெஸ் வாங்கியவர்கள் எல்லாரும் பாதிப் பேட்டியில் சார்ஜ் தீர்ந்த கதையைச் சொல்கிறார்கள். பஞ்சு உறை கட்டாயம். இன்னொரு போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்து அதிலும் ரெக்கார்ட் ஓடட்டும். இரண்டு போனும் விமானப் பயன்முறையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் யாராவது அழைத்து முக்கியமான இடத்தில் அறுந்துவிடும்.

படி 3: காகிதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

நான் சறுக்கிய இடம் இது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரிடம், "1974 ஒப்பந்தத்தில் நம் மீனவர்களுக்குக் கச்சத்தீவைச் சுற்றி மீன்பிடிக்கும் உரிமை இருந்ததே, அது எப்படிப் பறிபோனது?" என்று கேட்டேன். கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "எந்தப் பிரிவுல இருக்கு தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. டீ கிளாஸை எடுத்து வாயில் வைத்தேன். அது எப்போதோ காலி. வெறும் கிளாஸை உறிஞ்சிய சத்தம் இன்றைக்கும் அந்த ரெக்கார்டிங்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவர் தன் கட்சியின் வரலாற்றைச் சொன்னார். குறுக்கே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைத் தேடிப் படித்தேன். சில பக்கம்தான். இந்திரா காந்தியும் சிரிமாவோ பண்டாரநாயக்கவும் 1974 ஜூனில் கையெழுத்திட்டது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது இதில்தான். அதன் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலக் கச்சத்தீவுக்குப் போய்வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு நம் ஊர்ச் சனம் போவது இதை வைத்துத்தான். அந்தப் பிரிவில் மீன்பிடிப்பு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அடுத்த 6ஆம் பிரிவோ, இரு நாட்டுக் கலங்களுக்கும் அடுத்தவர் கடலில் பாரம்பரியமாக இருந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அந்த உரிமைக்குள் மீன்பிடிப்பும் அடங்குமா என்பதில்தான் சண்டையே.

அப்புறம் 1976 மார்ச். மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுத்த தனி ஒப்பந்தம் அது. அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது அந்தக் கடிதத்தில்தான் பச்சையாக வருகிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளப் பகுதி நமக்கு என்று ஆனதும் அந்த 1976 ஏற்பாட்டில்தான்.

ஆக, நான் கேட்டிருக்க வேண்டியது: "உரிமை போனது 1974லா, 1976லா?" இந்தக் கேள்விக்கு யாராலும் மேடைப் பேச்சால் பதில் சொல்ல முடியாது.

இப்போது செய்வது இதுதான். அந்தப் பிரிவுகளை ஒரே தாளில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, கேட்க வேண்டிய வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டு போகிறேன். சமயம் வரும்போது தாளை விருந்தினர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, வாய்விட்டுப் படிப்பார். படிக்கும்போது மைக்செட் குரல் தானாக இறங்கும். அதற்குப் பிறகு வருவது பேச்சு.

இன்னொரு தாளில் வருட வரிசை. 1974 ஒப்பந்தம், அப்போது முதல்வர் கருணாநிதி. 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். 2008 கச்சத்தீவு ஒப்பந்தங்களை எதிர்த்து ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனது. 2017 இலங்கை இழுவைமடியை (கடலடியை அரித்து இழுக்கும் வலை) சட்டத்தால் தடை செய்தது. 2025 ஏப்ரலில் கச்சத்தீவை மீட்கக் கோரித் தமிழகச் சட்டமன்றத் தீர்மானம். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் தன் கட்சி ஆண்ட வருடங்களை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார். விரல் வைத்துக் காட்டத் தாள் வேண்டும்.

படி 4: கேள்விகளின் வரிசை

முதல் கால் மணி நேரத்தை அவருக்கே விட்டுவிடுங்கள். மனப்பாடமாக வைத்திருப்பதைக் கொட்டித் தீர்க்கட்டும். குறுக்கிட்டால் அதையே ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவருவார்.

கடினமான கேள்வியை ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். நம் கரையில் அந்தக் கேள்வி இழுவைமடி. "அக்கரையில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவரும் தமிழர்தானே. அவர் வலையை நம் மடி அறுத்துக்கொண்டு போகிறது என்கிறார்களே?" என்று ஒரு விசைப்படகுத் தலைவரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. பிறகு வீட்டில் ரெக்கார்டிங்கில் பார்த்தேன், பதினான்கு நொடி. எடுத்துக்கொண்டிருந்தபோது அரை மணி நேரம் போலிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தேன். பிறகு அவரே, "எங்க அப்பா காலத்துல அங்க போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருக்கோம்" என்று ஆரம்பித்தார். மடி பற்றி அதற்குப் பிறகு அவர் சொன்னதை மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பதினான்கு நொடியை எடிட்டில் வெட்டாதீர்கள்.

கூப்பிடுவது பற்றி: நான் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன், வயதானவர்களை ஐயா. "சார்" போட்டால் ஆள் அலுவலகப் பேச்சுக்கு மாறிவிடுகிறார்.

படி 5: "இது வெளியே வேண்டாம்"

மைக் மாட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். "வேண்டாம் என்றால் சொல்லும்போதே சொல்லுங்கள், அந்த இடத்தை எடுத்துவிடுகிறேன். ஒளிபரப்பான பிறகு கேட்டால் எடுக்க மாட்டேன்." இதைச் சொல்லி அவர் சரி என்று சொல்வதையும் ரெக்கார்ட் செய்யுங்கள். இதைச் செய்யாமல் ஒரு முழுப் பேட்டியைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

படி 6: எடிட்

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட் மென்பொருள் இலவசம், போதும். இருமல், நாற்காலி சத்தம், பாலத்தில் ரயில் போகும் சத்தம் (இதை நான் விட்டுவைப்பேன்) என்று பார்த்து வெட்டுங்கள். பதிலை மட்டும் இடம் மாற்றி ஒட்டாதீர்கள். மடி, டோக்கன் போன்ற சொற்களுக்கு வெளியூர்க்காரருக்காகக் கீழே ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

பிற்சேர்க்கை 1: "தலைவர்கள் என்றால் ஆண்கள் மட்டுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயம்தான். பிறகு கடல்பாசி எடுக்கும் பெண்கள் சங்கத்து அக்கா ஒருவரைப் பேட்டி எடுத்தேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, காலங்காலமாகப் பாசி எடுத்த இடத்துக்கே திருட்டுத்தனமாகப் போக வேண்டியதாகிவிட்டதை அவர் சொன்ன விதத்தில், எனக்குத் தாளே தேவைப்படவில்லை. அவர் எழுதியெடுத்து வந்திருந்தார்.

பிற்சேர்க்கை 2: இது என் தப்பு. விருந்தினர் "12 மைல்" என்றபோது எழுத்தில் 19 கிலோமீட்டர் என்று போட்டுவிட்டேன். கடல் மைல் வேறு. ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 22க்கு மேல் வரும். நம் ஆட்கள் மைல் என்றாலே கடல் மைல்தான். சந்தேகம் வந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். நான் மூன்று வீடியோவில் திருத்தினேன், நான்காவதை இன்னும் பார்க்கவில்லை.