புரதத்தில் மாங்கனீசு ஒட்டித் தொலைவு அளப்பது எப்படி?

புரதத்தின் ஓரிடத்தில் மாங்கனீசு அயனியை மாட்டினால், அதன் அருகே உள்ள புரோட்டான்களின் (ஹைட்ரஜன் அணுக்கருக்களின்) என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) சிக்னல் வேகமாகத் தேயும். இரண்டு நேர்மின்சுமை கொண்ட மாங்கனீசில் இணை சேராத எலக்ட்ரான்கள் ஐந்து. ஓர் எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனே புரோட்டானுடையதைவிடச் சுமார் 658 மடங்கு பெரியது. அதனால் 35 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்) தள்ளி இருக்கும் புரோட்டானிலும் தாக்கம் தெரியும். ஆனால் தொலைவு இரட்டித்தால் தாக்கம் 64-இல் ஒரு பங்காகிவிடும். இந்தச் சரிவுதான் நமக்கு அளவுகோல்.

படி 1: புரதத்தின் மேற்பரப்பில் ஒரே ஒரு சிஸ்டீன் (கந்தகம் கொண்ட அமினோ அமிலம்; ஒட்டி இதில்தான் பிடிக்கும்) இருக்கட்டும். மற்ற சிஸ்டீன்களை செரீன், அலனின் போன்ற வேறு அமினோ அமிலமாக மாற்றிவிடுங்கள். புரதத்தை நைட்ரஜன்-15 (என்.எம்.ஆரில் பார்க்க உதவும் ஐசோடோப்பு) சேர்த்து வளர்க்க வேண்டும்.

படி 2: சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணையாமல் இருக்கச் சேர்த்த டி.டி.டி.யை (DTT) முழுவதும் நீக்கிவிட்டு, உடனே உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) தாங்கிய ஒட்டியைச் சேருங்கள். துளி டி.டி.டி. மிஞ்சினாலும் ஒட்டியையும் சிஸ்டீனையும் இணைக்கும் டைசல்பைடு (கந்தக-கந்தக) பிணைப்பை அறுத்துவிடும். ஒட்டியதா என்பதை நிறை நிறமாலையில் பாருங்கள்.

படி 3: இங்கே அவசரம் வேண்டாம். ஒரே தயாரிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மாங்கனீசும் மற்றதில், ஒப்பிடுவதற்காக, டயா காந்தக் (இணை சேராத எலக்ட்ரான் இல்லாத) கால்சியமும் ஏற்றுங்கள். கால்சியத்தைத் தானே பிடிக்கும் புரதமென்றால் இந்த ஜோடி ஆகாது. மிச்ச உலோகத்தை உப்புநீக்கும் பத்தியில் கழித்துவிடுங்கள். ஒட்டிக்கு வெகு தூரத்தில் உள்ள அமினோ அமிலங்களின் புள்ளிகளும் (என்.எம்.ஆர். படத்தில் விழும் சிக்னல்கள்) மங்கினால், கரைசலில் மாங்கனீசு சும்மா மிதக்கிறதோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். செறிவு கூடினாலும் பக்கத்து மூலக்கூறின் மாங்கனீசு தொந்தரவு செய்யும்.

படி 4: சரி, இனி அளவீடு. இரண்டு மாதிரிகளிலும் குறுக்குத் தளர்வுக்கான (சிக்னல் தேய விடும்) கால இடைவெளியை இரண்டு விதமாக வைத்துப் புள்ளிகளின் உயரத்தை எடுங்கள். ஒரு புள்ளி கால்சியத்தில் 100-இலிருந்து 80 ஆகிறது, மாங்கனீசில் 40-இலிருந்து 24 ஆகிறது என்று வையுங்கள். இடைவெளிகளின் வித்தியாசம் 10 மில்லி விநாடி. 80-ஐ 40-ஆல் பெருக்கி, 100-ஐ 24-ஆல் பெருக்கி வருவதால் வகுத்தால் 1.33. அதன் இயல் மடக்கை 0.288. அதை 0.010-ஆல் வகுத்தால் விநாடிக்கு சுமார் 29. மாங்கனீசால் கூடிய தளர்வு வீதம் இதுதான்; முதலில் சொன்ன சரிவின்படி இதிலிருந்துதான் தொலைவைக் கணிக்கிறோம். மாதிரிகளின் செறிவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் விகிதத்தில் அது அடிபட்டுப் போகும் என்பதால், ஒரே அளவீட்டின் உயரங்களை ஒப்பிடுவதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மாங்கனீசு மாதிரியில் அடியோடு காணாமல் போன புள்ளிக்கு எண் தேடாதீர்கள். இத்தனை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கிறது என்ற மேல் வரம்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.