குன்னூருக்குக் குழந்தைகளோடு வருகிறீர்களா? நாய்க்கடி பற்றிக் கொஞ்சம்

மே மாதம் பழக்கண்காட்சி சமயத்தில் டொராண்டோவிலிருந்து தங்கை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். போன தடவை, வந்த இரண்டாம் நாள் இரவு அவள் மகனுக்குக் கால் கழுவிவிடும்போதுதான் கெண்டைக்காலில் அந்தக் கீறலைப் பார்த்தேன். இரண்டு அங்குலம் இருக்கும். நடுவில் மட்டும் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா. டீக்கடை நாய்க்குட்டி விளையாடுச்சு."

காலையில் நடந்தது. திட்டுவோம் என்று பகல் முழுக்கச் சொல்லாமல் இருந்திருக்கிறான். வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு நாய் என்றால் கழுத்துப் பட்டையும் ஊசியும் உள்ள வீட்டு நாய்தான். இங்கே எல்லா நாயும் அப்படியில்லை, சிலவற்றுக்கு வெறிநோய் (ரேபிஸ்) இருக்கலாம் என்பதைப் பெட்டி கட்டும்போதே சொல்லிக் கூட்டி வாருங்கள். தினமும் இரவு கை காலைப் பார்த்து, "இன்று எந்த நாயைத் தொட்டாய்?" என்று கோபமில்லாமல் கேளுங்கள். குரங்கையும் சேர்த்துக் கேளுங்கள். அது கடித்தாலும் வைத்தியம் இதேதான்.

அந்த இரவே குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினோம். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மணிக்கணக்கில் தாமதமானாலும் கழுவத்தான் வேண்டும். பாட்டி மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ எடுத்து வந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் முதலில் போன இடத்தில் தடுப்பூசி இருந்தது, சீரம் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) இல்லை. வேறு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மலைப்பாதையில் அரை நாள் போயிற்று. அந்த அரை நாள் தங்கை முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றியே சீரம் போடவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் அது இருக்காது. கிளம்பும் முன் போனில் கேளுங்கள், அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அழைத்தும் விசாரிக்கலாம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்.

இந்த அலைச்சலுக்கு ஒரு வழி உண்டு. விமானம் ஏறும் முன்பே உங்கள் ஊரில் குழந்தைகளுக்கு, கடிபடும் முன்பே போடும் முன்தடுப்பு ஊசியைப் போட்டுவிடுங்கள். அப்புறம் இங்கே நாய் கடித்தாலும் சீரம் தேவையில்லை. உடனே ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று, ஆக இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். அங்கே விலை அதிகம்தான். ஆனாலும் சொல்கிறேன், போட்டுவிட்டு வாருங்கள். ரேபிஸ் நோய்க்குறி தெரிய பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். தெரிந்தபின் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

ஊசிக்குப் பயப்படவேண்டாம். சிம்ஸ் பூங்கா பக்கத்தில் 1907 முதல் இருக்கும் பாஸ்டியர் நிறுவனத்தில் ஒரு காலத்தில் ஆட்டு மூளையிலிருந்து நாய்க்கடி மருந்து செய்தார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று உங்கள் அம்மா பயந்தது அந்த மருந்துக்குத்தான். இப்போது நாட்டில் அது எங்கும் இல்லை, கையில்தான் போடுகிறார்கள்.

காதில் 'வி' வடிவ வெட்டு உள்ள நாய்களைப் பார்ப்பீர்கள். பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த தெருவிலேயே விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாய்களைக் கொன்றால் காலியான தெருவுக்கு ஊசி போடாத வேறு நாய் வந்துவிடும். பத்தில் ஏழு நாய்க்கு ஊசி போட்டால் நோய் பரவ வழியில்லாமல் போகும். நீலகிரியில் இதற்காகப் பல வருடமாக உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்த வெட்டு எப்போதோ போட்ட ஊசியின் அடையாளம்தான். அதை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள்.

காலை மூடுபனியில் தேயிலைத் தோட்டப் பக்கம் நடக்கும்போது நாய்க்கூட்டம் குரைத்தால் ஓடாதீர்கள். நின்று, குடையைக் குறுக்கே பிடித்து, மெல்ல நகருங்கள். குட்டி போட்ட நாயின் பக்கமே போகவேண்டாம்.

ஊசிச் சீட்டைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். தேதியும் மருந்தின் பெயரும் அதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 28-ஆம் நாள் ஊசியைத் தங்கை மகன் டொராண்டோவில் அந்தச் சீட்டைக் காட்டித்தான் போட்டுக்கொண்டான்.