மேக்ரோவில் வேரியபிளை அறிவித்துவிட்டு எழுதுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் கணக்கு சதுர அடியில்தான். அதைக் கூட்ட எக்செல்லில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, எல்லா வேரியபிளையும் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) ‘டிம்’ என்ற சொல்லைப் போட்டு அறிவிப்பது.

அறிவிக்காத பெயரையும் மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ ஏற்றுக்கொள்ளும். புதுப் பெயரைக் கண்டதும் தானாகவே காலி வேரியன்ட் (எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வேரியபிள்) ஒன்றை உருவாக்கிவிடும். கூட்டும்போது அந்தக் காலி 0 ஆகும். நாமோ தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். ‘மொத்தம்’ ஒரு இடத்தில் ‘ஹெச்’ சேர்ந்தும் இன்னொரு இடத்தில் சேராமலும் விழுவது சகஜம். மூன்று கட்டுத் தோல், 412.5, 388, 401.25 அடி என்று வையுங்கள். லூப்பில் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி) ‘மொத்தம் = மொத்தம் + கட்டு’ என்ற வரியில் வலப்பக்கப் பெயர் மட்டும் பிசகினால், ஒவ்வொரு சுற்றும் 0-விலிருந்தே தொடங்கும். 1201.75 வர வேண்டிய இடத்தில் கடைசிக் கட்டின் 401.25 மட்டும் நிற்கும். எரர் வராது. அந்த எண் அப்படியே பில்லில் ஏறிவிடும்.

ஆல்ட், எஃப்11 அழுத்தி எடிட்டரைத் திறந்து, டூல்ஸ், ஆப்ஷன்ஸ், எடிட்டர் போய் ‘ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன்’ கட்டத்தில் டிக் செய்யுங்கள். இது இனிப் புதிதாகச் சேர்க்கும் மாட்யூல்களுக்கு (மேக்ரோ எழுதும் பக்கங்கள்) மட்டுமே. பழையவற்றின் உச்சியில் ‘ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்’ (அறிவிப்பைக் கட்டாயமாக்கும் வரி) என்று நீங்களே அடிக்க வேண்டும். பிறகு டீபக் மெனுவில் கம்பைல் கொடுத்தால், அறிவிக்காத பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டும். காட்டியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அறிவித்துவிடாதீர்கள்! எழுத்துப் பிசகிய பெயரையும் அறிவித்துவிட்டால், பிழை அப்படியே தங்கிவிடும். அது புதுப் பெயரா, பிசகிய பழைய பெயரா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அறிவிக்கும்போது மதிப்பின் வகையையும் சொல்லுங்கள்: அடிக்கு டபுள் (தசம எண்), ரூபாய்க்கு கரன்சி, வரிசை எண்ணுக்கு லாங் (பெரிய முழு எண்). சிறிய முழு எண் வகையான இன்டிஜர் 32,767 வரைதான் தாங்கும்; ஷீட்டிலோ 10,48,576 வரிசைகள். இன்டிஜரில் 32,767-ஐத் தாண்டினால் மேக்ரோ ‘ஓவர்ஃப்ளோ’ என்று நின்றுவிடும்.

‘டிம் அடி, விலை ஆஸ் டபுள்’ என்று எழுதினால் விலை மட்டும்தான் டபுள். அடி வேரியன்ட்டாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக ‘ஆஸ்’ வேண்டும்.

லூப்புக்குள் டிம் எழுதினாலும் சுற்றுக்குச் சுற்று மதிப்பு 0 ஆகாது. லாரிவாரியாகக் கூட்டுகிறீர்கள் என்றால், அடுத்த லாரி தொடங்கும் வரியில் மொத்தத்தை 0 என்று நீங்களே வைக்க வேண்டும்.